குழல் மாற்றும்போது எந்த காலிபர்? நெடுந்தூர ரைஃபிள் சுடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இராணுவத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவராக, வேலை பார்த்துவிட்டு, காட்பாடிக்கு அருகே சொந்த ஊரில் குடியிருக்கிறேன். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் உண்டு. கம்மவான்பேட்டைக்கு இராணுவப்பேட்டை என்றே ஒரு பெயர். ஆகவே துப்பாக்கிப் பேச்சு இங்கே டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் எழும். ரைஃபிள் கிளப்பில் பயிலும் பிள்ளைகள், ஓய்வுபெற்ற சுபேதார்கள், டெக்சாஸிலும் பிரிஸ்பேனிலும் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன்கள் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "குழல் மாற்றப் போகிறேன், எந்த காலிபர் போடட்டும்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

காலிபர் என்றால் குண்டின் பருமன்தானே? பிறகு ஏன் .30 என்று சொல்லிவிட்டு அதிலேயே நான்கைந்து பெயர் சொல்கிறீர்கள்?

கண்டிப்பாகச் சொன்னால் காலிபர் என்பது குழலின் உள்விட்டம்தான். குழலுக்குள் மரை, அதாவது குண்டைச் சுழலவைக்கும் திருகு வரி, ஓடுகிறது. .30 குழலில் அதன் மேட்டுக்கு மேடு அளந்தால் 7.62 மி.மீ. (.30 அங்குலம்), பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் 7.82 மி.மீ. இந்தக் குழலில் போகும் குண்டு 7.82 மி.மீ. பருமன், அங்குலத்தில் .308. இதே பருமனுள்ள குண்டைத்தான் .308 வின்செஸ்டர், .30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் மூன்றும் எறிகின்றன. வேறுபடுவது பின்னால் இருக்கும் பித்தளை உறையின் அளவும் அதில் அடங்கும் வெடிமருந்தும்.

குழல் மாற்றும்போது நீங்கள் தேர்ந்தெடுப்பது குண்டின் பருமன், தோட்டாவின் வகை இரண்டையுமே. பேச்சில் இரண்டையும் சேர்த்துக் காலிபர் என்கிறோம். நானும் கீழே அப்படியே எழுதுகிறேன்.

துருப்பிடிக்காமல் வைத்திருக்கிறேன், எண்ணெய் போடுகிறேன். அப்படியும் குழல் தேயுமா, ஐயா?

தேயும். துரு அதற்குக் காரணம் இல்லை, நெருப்புதான் காரணம். தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால், மரை தொடங்கும் இடத்தைத் தொண்டை என்கிறோம். ஒவ்வொரு முறை சுடும்போதும் உருக்கை உருக்கக்கூடிய சூட்டில் வாயு அந்த இடத்தைக் கடக்கிறது. கடப்பது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு, ஆனால் ஆயிரக்கணக்கான தடவை கடக்கிறது.

ஒரு பழைய குழலின் தொண்டையை போர்ஸ்கோப் கேமராவில் பார்த்தால் சித்திரையில் வற்றிய ஏரியின் தரை நினைவுக்கு வரும். அதே கட்டம் கட்டமான வெடிப்பு, அதே மேலெழுந்த ஓரங்கள். நாளடைவில் அந்த ஓரங்கள் உதிர்ந்து, மரையின் தொடக்கம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். வெளியே குழல் புத்தம் புதிதாகப் பளபளக்கும். இலக்கில் மட்டும் குண்டுகள் சிதறத் தொடங்கும். சிதறல் கண்டவுடன் குழலைக் கழற்றிவிட வேண்டாம். ஸ்கோப் திருகுகளை இறுக்கிப் பாருங்கள், குண்டின் மேலுறையிலிருந்து குழலில் படிந்த செம்பைச் சுத்தம் செய்து பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. நானே ஒரு நல்ல காலிபராகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

முடியாது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைச் செய்வதற்கு மட்டுமல்ல, பழுதுபார்க்கவும் மாற்றியமைக்கவும் சோதிக்கவும் தனி உரிமம் வேண்டும். உங்கள் லைசென்ஸில் எந்த போர் (bore, குழலின் உள்விட்ட அளவு) என்று எழுதியிருக்கிறதோ அந்தத் துப்பாக்கிதான் உங்களுடையது. வேறு காலிபர் வேண்டுமென்றால் முதலில் லைசென்ஸ் கொடுத்த அதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதி, பிறகு உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறை. .303, 7.62 போன்ற இராணுவக் காலிபர்கள் தடைசெய்யப்பட்ட வகையில் வருகின்றன. சாதாரண லைசென்ஸில் அவற்றை நினைக்கவே வேண்டாம்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மத்தியச் சட்டம் ரிசீவர் என்னும் உடற்பகுதியைத்தான் துப்பாக்கியாகக் கணக்கிடுகிறது. குழல் வெறும் உதிரிப் பாகமாகக் கடையில் கிடைக்கும். ஆகவே கீழே 6.5 மி.மீ., மேக்னம் என்னும் பெருந்தோட்டா என்று நான் விரித்துப் பேசுவது பெரும்பாலும் வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு. இங்கே இருப்பவர்கள் விஷயத்தைத் தெரிந்துகொள்ளப் படியுங்கள். கையில் இருப்பதை அனுமதி இல்லாமல் தொடாதீர்கள்.

குழலைக் கழற்றி வேறு குழலை மாட்டினால் காலிபர் மாறிவிடும்தானே? அவ்வளவுதானா வேலை?

அவ்வளவுதான் என்றால் எனக்கு ஆர்மரர் வேலையே இருந்திருக்காது. முதலில் பார்க்க வேண்டியது போல்ட்டின், அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் உருக்குத் துண்டின், முகம். தோட்டாவின் அடிப்பகுதி அந்த முகத்திலுள்ள குழியில் சரியாக உட்கார வேண்டும். .223 வகைக்கு அது சுமார் 9.6 மி.மீ.; .308, .30-06, .243, 6.5 கிரீட்மூர் எல்லாவற்றுக்கும் சுமார் 12 மி.மீ.; .300 வின்செஸ்டர் மேக்னம் போன்றவற்றுக்கு சுமார் 13.5 மி.மீ. ஒரே அடியளவுள்ள தோட்டாக்களுக்குள் மாறினால் போல்ட் அப்படியே இருக்கலாம். வேறு அளவுக்குப் போனால் போல்ட்டும் மாற வேண்டும், செலவு ஏறும்.

அடுத்தது நீளம். போல்ட் முன்னும் பின்னும் ஓடும் பொறியமைப்பை ஆக்ஷன் என்கிறோம். குட்டை ஆக்ஷனில் 71 மி.மீ. அளவுக்குத் தோட்டா அடங்கும், அதற்குள் .308-உம் 6.5 கிரீட்மூரும் வரும். .30-06 தோட்டா 85 மி.மீ. நீளம், அது நெட்டை ஆக்ஷனில்தான் ஓடும். மூன்றாவது தோட்டாக்களை அடுக்கும் மேகசின்: அதிலிருந்து தோட்டா ஒழுங்காக ஏறி வருகிறதா என்பது.

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல பாடம் இருக்கிறது. 1960-களில் மேற்கு வங்கத்து இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை, .303 லீ-என்ஃபீல்டு வடிவத்திலேயே 7.62 தோட்டாவுக்கு 2ஏ என்ற ரைஃபிளைச் செய்தது. பழைய .303-இல் வெறும் குழலை மாற்றி விட்டுவிடவில்லை. புதுத் தோட்டாவின் அழுத்தம் அதிகம், ஆகவே உருக்கையே வலுவானதாக மாற்றினார்கள். பழைய தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு, புதியதில் இல்லை. ஆகவே சுட்ட உறையைப் பிடித்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் மாறியது. வளைந்திருந்த மேகசின் சதுரப் பெட்டியானது. பிறகு வந்த 2ஏ1-இல் பின் குறிகாட்டியின் அளவுகளும் மாறின. ஒரு காலிபர் மாற்றத்துக்கு ஒரு தொழிற்சாலை இத்தனையும் செய்ய வேண்டியிருந்தது.

எல்லோரும் 6.5 என்கிறார்களே, அண்ணே. .308-இன் காலம் முடிந்துவிட்டதா?

முடியவில்லை. ஆனால் 6.5-ஐப் புகழ்பவர்கள் பொய் சொல்லவும் இல்லை. .308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது, 6.5 கிரீட்மூர் 2007-இல், காகித இலக்கை நெடுந்தூரத்திலிருந்து அடிப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டு வந்தது. அந்த 55 ஆண்டு இடைவெளியின் பலன் குண்டின் வடிவத்தில் தெரிகிறது. 6.5-இன் குண்டு மெலிந்து நீண்டது; காற்றைக் கிழித்துப் போகும், வேகத்தை விடாது. காற்றைச் சமாளிக்கும் இந்தத் திறனை பி.சி. என்று ஓர் எண்ணால் குறிப்பார்கள்; எண் கூடினால் திறன் கூடுதல். .308-இல் பலரும் சுடும் 175 கிரெயின் (குண்டின் எடை அளவு) போட்டிக் குண்டுக்கு அது 0.5-ஐ ஒட்டியது, 6.5-இன் 140 கிரெயின் குண்டுக்கு 0.64-ஐ ஒட்டியது.

1,000 கஜம், அதாவது 914 மீட்டரில், மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். .308 குண்டை அந்தக் காற்று ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தள்ளும். 6.5 குண்டை இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளும். காற்றைக் கணிப்பதில் நீங்கள் கால்பங்கு தவறினால் .308-இல் அறுபது சென்டிமீட்டருக்கு மேல் விலகும், 6.5-இல் ஐம்பதுக்குள் நிற்கும். பின்னுதைப்பும் 6.5-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு.

.308 பக்கம் என்ன இருக்கிறது? குழல் நெடுநாள் உழைக்கும், தோட்டா எங்கும் கிடைக்கும், காற்றைப் படிக்கக் கற்றுக்கொடுக்கும். 600 மீட்டருக்குள் சுடுபவர், வாரா வாரம் பயிற்சி செய்பவர் .308-ஐ விட்டுவிட நான் சொல்லமாட்டேன். 1,000 கஜத்தில் போட்டி, விதிமுறைக் கட்டுப்பாடு இல்லை என்றால் 6.5.

பெரிய தோட்டா போட்டால் இன்னும் தூரம் போகுமே, மாமா? .300 மேக்னமே போட்டுவிடலாமா?

போகும். 1963-இல் வந்த அந்தத் தோட்டா அதே .308 குண்டை இன்னும் வேகமாக எறிகிறது. ஆனால் பின்னுதைப்பு .308-ஐப் போல ஒன்றரை மடங்கு. முதல் பத்துத் தோட்டா கம்பீரமாக இருக்கும். இருபதாவதில் விசையை இழுக்கும் முன்பே கண் மூடும், தோள் பின்வாங்கும். அதைக் கைவிட முடியாத பழக்கமாக்கிக்கொண்ட நல்ல சுடுநர்களைப் பார்த்திருக்கிறேன். 1,200 மீட்டருக்கு அப்பால் சுடும் இடமும் தேவையும் உண்மையிலேயே இருந்தால் போடுங்கள். பெரும்பாலோருக்கு அத்தனை நீளமான சுடுதளமே கிடையாது.

ஐயா, நான் ஐம்பது கிலோதான் இருப்பேன். என்.சி.சி.-யில் .22 சுட்டிருக்கிறேன். பெரிய போர் என்றால் தோள் தாங்குமா?

தாங்கும், அம்மா. எடையைவிட உட்காரும் முறைதான் முக்கியம். துப்பாக்கியின் பின்கட்டை தோளின் குழியில் அழுந்தி இருக்க வேண்டும். நெடுந்தூரப் போட்டி ரைஃபிள்கள் கனமானவை, அந்தக் கனமே உதைப்பை விழுங்கிவிடும். .22-இலிருந்து நேரே வருபவருக்கு .223 அல்லது 6 மி.மீ. வகை நல்ல படிக்கட்டு.

ஒரு குழல் எத்தனை தோட்டா தாங்கும்? தோராயமாகவாவது சொல்லுங்கள்.

மேலே தொண்டை பற்றிச் சொன்னேன் அல்லவா, அதுதான் கணக்கு. சின்னத் துளை வழியே நிறைய மருந்து எரிந்தால் தொண்டை சீக்கிரம் போகும். போட்டித் தரத்தில் .308 சுமார் 5,000, 6.5 கிரீட்மூர் 2,000 முதல் 3,000; .300 வின்செஸ்டர் மேக்னம் 2,000-ஐ ஒட்டி, 6 மி.மீ. வேகத் தோட்டாக்கள் 1,500-ஐ ஒட்டி. இடைவெளி விடாமல் சுட்டுக் குழலைக் கொதிக்கவைத்தால் எல்லாமே குறையும்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் அண்ணன் மகன் 6.5-284 போட்டான். அருமையான தோட்டா, இலக்கில் அழகாகச் சேரும். ஆனால் அதன் குழல் 1,000 தோட்டாவை ஒட்டியே தளர்ந்துவிடும். வாங்கும் முன் என்னிடம் கேட்டான், நானும் துல்லியத்தை மட்டும் யோசித்துச் சரி என்றேன். அவனோ வாரம் அறுபது தோட்டா சுடுகிறவன். நான்கு மாதத்தில் தொண்டை முடிந்தது. போட்டிக் காலத்தின் நடுவில் துப்பாக்கி பட்டறையில் கிடந்தது. அதிலிருந்து யார் கேட்டாலும் முதல் கேள்வியாக நான் கேட்பது, "வாரத்துக்கு எத்தனை சுடுவாய்?" அறுபது என்றால் 6.5 கிரீட்மூர் பத்து மாதம் வரும், .308 ஒன்றரை ஆண்டுக்கு மேல் வரும். குழலின் ஆயுள் முழுக்கச் சுடும் தோட்டாவின் விலை, குழல் விலையைப்போலப் பல மடங்கு. கடையில் குழலின் விலையை மட்டும் பேரம் பேசிவிட்டு வந்தால் கணக்கு உதைக்கும்.

முறுக்கு, முறுக்கு என்கிறார்களே, அது என்ன? காலிபர் முடிவானால் அதுவும் தானாக முடிவாகிவிடாதா?

தானாக முடிவாகாது, இங்கேதான் பலர் தவறுகிறார்கள். மரை எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதே முறுக்கு. குண்டு நீளமாக ஆக, அது தள்ளாடாமல் போக வேகமான முறுக்கு வேண்டும். பம்பரம் மாதிரிதான்: சுழற்சி போதாவிட்டால் தலை ஆடும்.

6.5-இன் நீளக் குண்டுகளுக்கு 8 அங்குலத்தில் ஒரு சுற்று. .308-க்கு 10 முதல் 12 வரை போதும். .223-இல் 80 கிரெயின் குண்டு சுட 8 அல்லது 7 வேண்டும். 12 அங்குல முறுக்குள்ள பழைய குழலில் அதே குண்டு இலக்கை அடையும்போது காகிதத்தில் பக்கவாட்டில் சாவித்துளை போலக் கிழித்திருக்கும். .243-க்கு வழக்கமான முறுக்கு 10. கனமான 105 கிரெயின் போட்டிக் குண்டுக்கு அது போதாது, 8 என்று கேட்டு வாங்க வேண்டும். முதலில் குண்டு, அதற்கேற்ற முறுக்கு, அதன் பிறகு குழலுக்கு ஆர்டர்.

போட்டிக்காக மாற்றுகிறேன். எது சிறந்ததோ அதைப் போட்டுக்கொள்ளலாம்தானே?

விதிப் புத்தகத்தைப் பார்த்த பிறகு. எஃப்-கிளாஸ் என்னும், தாங்கியில் வைத்துப் படுத்துச் சுடும் நெடுந்தூரப் போட்டியில் எஃப்-டி.ஆர். பிரிவில் .223, .308 இரண்டு மட்டுமே அனுமதி; துப்பாக்கி, காலூன்றி எல்லாம் சேர்த்து 8.25 கிலோவுக்குள். ஓப்பன் பிரிவில் 10 கிலோ வரை, காலிபர் பெரும்பாலும் உங்கள் விருப்பம். 300 மீட்டர் சர்வதேசப் போட்டியில் 8 மி.மீ.-க்கு மேல் கூடாது. 6.5 கிரீட்மூர் குழலோடு போய் எஃப்-டி.ஆரில் பெயர் கொடுக்க முடியாது. வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

தாத்தாவின் .315 ரைஃபிள் வீட்டில் இருக்கிறது, லைசென்ஸ் என் பெயருக்கு மாறிவிட்டது. அதில் 6.5 குழல் போட முடியுமா?

ஆம்பூரிலிருந்து ஒரு பையன் கேட்டான்; அதே கேள்வி குடியாத்தத்திலிருந்தும் வந்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதை மேலே சொல்லிவிட்டேன். பொறியியல் கணக்கிலும் இது கூடாது. .315-இன் அமைப்பு லீ-என்ஃபீல்டு வழியில் வந்தது. போல்ட்டைத் தாங்கும் பற்கள் பின்புறத்தில் இருக்கின்றன, விளிம்புள்ள தோட்டாவுக்கென்று செய்தது. புதுத் தோட்டாக்களின் அழுத்தத்துக்கு அது கட்டப்படவில்லை. இஷாப்பூரில் உருக்கையே மாற்றினார்கள் என்று சொன்னதை நினைவில் வையுங்கள். போல்ட் உங்கள் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது, தம்பி. அந்தத் துப்பாக்கியைத் துடைத்து, எண்ணெய் தடவி, அது எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருங்கள்.

.308-உம் 7.62 நேட்டோவும் ஒன்றுதான் என்று ஒருவர், வேறு என்று ஒருவர். எது சரி?

வெளி அளவு ஏறக்குறைய ஒன்று, சேம்பர் ஒன்றல்ல. இராணுவ ரைஃபிளின் சேம்பரில் சற்றுக் கூடுதல் இடம் விட்டிருப்பார்கள், இராணுவத் தோட்டாவின் உறையும் தடித்தது. போட்டிக் குழலுக்கு .308 வின்செஸ்டர் சேம்பர்தான் வெட்டச் சொல்ல வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கு ஏதாவது தனிக் கணக்கு உண்டா?

உண்டு, அதுவும் வேலூர் வெயிலுக்கு. இங்கே மே மாதத்தில் 40 டிகிரி தாண்டுவது வழக்கம். 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரிக் காற்று எட்டு சதவீதம் அடர்த்தி குறைவு. குண்டு சற்று எளிதாகப் போகும், மேலே படும். மருந்தும் சூடானால் வேகமாக எரியும். 25 டிகிரி வித்தியாசத்தில் நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் வேகம் கூட்டும் மருந்துகள் உண்டு. தோட்டாப் பெட்டியை வெயிலில் வைக்காதீர்கள், சுட்டுச் சூடான சேம்பரில் தோட்டாவை ஏற்றிவைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள்.

ஆனால் வெயில் ஒரு கொடையும் தருகிறது: கானல். பாலாற்று மணலில் பத்து மணிக்கு மேல் ஸ்கோப் வழியாகப் பாருங்கள். கானல் நேரே மேலே கொதித்தால் குறுக்குக் காற்று இல்லை, அல்லது உங்கள் முகத்துக்கு நேராகவோ முதுகுப் பக்கமிருந்தோ அடிக்கிறது. சாய்ந்து ஓடினால் மெல்லிய காற்று. கிடைமட்டமாகத் தண்ணீர்போல ஓடினால் காற்று வலுத்துவிட்டது. துப்பாக்கியே இல்லாமல், வெறும் ஸ்பாட்டிங் ஸ்கோப்போடு இதைப் படிக்கலாம். 6.5 தரும் அனுகூலத்தைவிட இந்தப் பழக்கம் தருவது அதிகம் என்பது என் அனுபவம்.

குழல் நீளம்?

.308-இல் ஓர் அங்குலம் குறைத்தால் நொடிக்கு 6 முதல் 8 மீட்டர் வேகம் போகும். படுத்துச் சுடுவதற்கு 26 முதல் 30 அங்குலம், தூக்கி நடப்பதற்கு 22 முதல் 24.

வீட்டில் லேத் இருக்கிறது, நானே மாட்டிக்கொள்கிறேன் என்கிறான் நண்பன். விடலாமா?

இந்தியாவில் சட்டமே விடாது. வெளிநாட்டிலும், சேம்பரின் ஆழம் அளவு தவறினால் தோட்டா உறை கிழியக்கூடும். கோ, நோ-கோ என்ற இரண்டு அளவுக்கட்டைகள் உண்டு: முதலாவதன் மேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன் மேல் மூடக்கூடாது. இந்தச் சோதனையைக் கண்முன் செய்துகாட்டாத பட்டறையிலிருந்து துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வராதீர்கள். வேலை முடிந்ததும் குழலின் மேல் புதுக் காலிபரைப் பொறிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு அதை எடுப்பவர் உங்கள் மகனாக இருக்கலாம், பழைய தோட்டாவைப் போட்டுவிடக் கூடாது.

புதுக் குழல் வந்துவிட்டது. எந்தத் தூரத்துக்கு ஸ்கோப்பை எவ்வளவு உயர்த்துவது என்ற அட்டவணையை நாளைக்கே 1,000 கஜம் வரை எழுதிவிடலாமா?

பொறுங்கள். புதுக் குழலின் வேகம் முதல் 100 முதல் 200 தோட்டாவுக்குள் மெல்ல ஏறும். நொடிக்கு 10 முதல் 20 மீட்டர் வரை ஏறியதைப் பார்த்திருக்கிறேன். ஏறும் முன் எழுதிய அட்டவணை போட்டியன்று உயரத்தில் தவறும். அதுவரை 100 மீட்டரில் நிதானமாகச் சுடுங்கள், ஐந்து தோட்டாவுக்கு ஒருமுறை குழலை ஆறவிடுங்கள், ஒவ்வொரு நாளும் வேகத்தை அளந்து நோட்டில் தேதியோடு குறியுங்கள். தொடர்ந்து மூன்று நாள் அதே எண் வந்தால் குழல் நிலைத்துவிட்டது. அதே நோட்டில் முதல் நாளிலிருந்து எத்தனை தோட்டா சுட்டீர்கள் என்பதையும் எழுதி வாருங்கள். அடுத்த குழலுக்கு எப்போது சொல்லிவைக்க வேண்டும் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் தெரியும்.